அந்தச் சின்னத் தாழி

"எங்கேயாவது வெளியே கூட்டிக்கொண்டு போங்கள், மனசு மாறும்" என்றார் என் மனைவிக்கு வைத்தியம் பார்த்த டாக்டரம்மா. மகாபலிபுரம் இருக்கிறது, கடல் இருக்கிறது. நான் ஒரு சோம்பேறி. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வழியில், உத்திரமேரூரில் பஸ் வர நேரமாகும் என்றதும், பக்கத்துத் தெருவில் ஊர்க்காரர்கள் சேர்ந்து வைத்திருக்கும் அருங்காட்சியகத்துக்கு அவளை அழைத்துப் போனேன். ஒரே ஒரு அறை. சாவி வைத்திருந்த பெரியவர் ஆள் வந்த சந்தோஷத்தில் எங்களுக்காக ஃபேனைப் போட்டார்.

போன ஆடியில் எங்களுக்குப் பெண் பிறந்து, பேர் வைப்பதற்குள் போய்விட்டாள். பச்சைக் குழந்தையை எங்கள் பக்கம் எரிப்பதில்லை. ஆண்கள் மட்டும் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வருவோம். பெற்றவளுக்கு இடத்தைச் சொல்ல மாட்டோம், சொன்னால் அங்கேயே போய்க் கிடப்பாளாம். நல்ல வழக்கம்தான், யாருக்கு நல்லது என்றுதான் இன்றுவரை எனக்குப் புரியவில்லை. அவள் கேட்டுக் கேட்டு ஓய்ந்து, கடைசியில் பேசுவதையே குறைத்துக்கொண்டாள்.

உடைந்த சிலைகளையும் துருப்பிடித்த கத்திகளையும் பார்த்துக்கொண்டே வந்தோம். மூலையில் தரையோடு ஒரு மண்பானை, இடுப்புக் குடத்தை விடக் கொஞ்சம் பெரிது. பலகையில் 'தாழி' என்று எழுதியிருந்தது. எங்கள் ஊர் நாக்குக்கும் ழகரத்துக்கும் ஆகாது. பெரியவர், "இதான் தாயி. அந்தக் காலத்துல கொயந்த செத்துப்பூட்சின்னா, தாயி உள்ள வச்சிதான் பொதப்பாங்க" என்றார்.

பலகையைப் பார்க்காத என் மனைவி சட்டென்று திரும்பினாள். "தாயி உள்ளயா? அப்ப பெத்தவளும் செத்துட்டாளா?"

அவர் சிரித்துவிட்டார். "அய்ய, தாயின்னா பானைம்மா!"

எனக்கு அவரை நாலு வார்த்தை கேட்க வேண்டும் போல் ஆத்திரம் வந்தது. பாவம், அவருக்கு என்ன தெரியும். அவள் சிரிக்கவில்லை. குனிந்து பானைக்குள் பார்த்தாள். உள்ளே ஒன்றும் இல்லை, கொஞ்சம் தூசி. விளிம்பைத் தடவிக்கொண்டே கேட்டாள்.

"மாமா, நம்ம பொண்ண எதுல வச்சீங்க?"

எங்கே என்று கேட்டிருந்தால் வழக்கம் போல மழுப்பியிருப்பேன். எதில் என்று கேட்டால் என்ன சொல்லக்கூடாது என்று எனக்கு யாரும் சொல்லி வைக்கவில்லை.

"உன் வளகாப்புப் பொடவையில" என்றேன். "கொடியில கெடந்துச்சி. அதுலதான் சுத்தி எடுத்துக்கினு போனேன்."

"அத நான் பீரோ முச்சூடும் தேடிக்கினு கீறேன்."

பெரியவர் வெளியே போய்விட்டார். நான் ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தொவைக்காத பொடவ மாமா அது" என்றாள். "என் வாசன இருந்திருக்கும், இல்ல?"

"இருந்துச்சி" என்றேன். சுற்றுவதற்கு முன்னால் முகத்தில் வைத்துப் பார்த்தவன் நான்தானே.