ஒரு மூச்சுக்கு இரண்டு மந்திரம்

அமலராணி நாடி பார்த்துச் சொன்னால் டாக்டர் மறுபடி பார்க்க மாட்டார். ஆஸ்பத்திரியில் உதவிச் செவிலியராகப் பதினைந்து வருஷம். கைக்கடிகார முள்ளை விட்டு அவள் கண் நகராது. அவள் பொய்யாக எண்ணியது ஒருவருக்குத்தான், புருஷன் கஸ்பாருக்கு.

கஸ்பார் திண்டுக்கல்லில் தொடக்கப்பள்ளி வாத்தியார். புல்லாங்குழல் வாசிப்பார். விரல் சுத்தம், நாதம்தான் இல்லை. ஊதினால் ஸ்வரத்துக்கு முன்னால் காற்று வந்து நிற்கும். "ஏத்தா, வீட்டுக்குள்ள பாம்பு கீம்பு வளக்குறீகளா?" என்று பக்கத்து வீட்டுப் பெருமாயி கேட்பாள். 1994-ல் வானொலித் தேர்வில் அதையே நாகரிகமாக எழுதித் திருப்பி அனுப்பினார்கள். ரேடியோவில் ஒரு தரம் தன் பெயரைச் சொல்லக் கேட்டுவிட வேண்டும், அவருக்கு வேறு ஆசை கிடையாது. மூன்று வருஷத்தில் மறுபடி போவதென்று முடிவு செய்தார்.

நாதத்தைச் சீராக்க அவரே ஒரு வழி வைத்திருந்தார். உதடு சரியான இடத்தில் உட்கார்ந்தால் காற்று வீணாகாது, மூச்சு நீளும். ஒரே ஸ்வரத்தை எவ்வளவு நேரம் பிடிக்க முடிகிறது என்று பார்த்தால் போதும்.

"கடிகாரத்தப் பாத்தா உதடு இறுகுது. நீ அருள்நிறை மந்திரம் சொல்லு ராணி. ஒரு மூச்சுக்கு எத்தன வருதுன்னு பாப்போம்."

செபமாலையில் மணிக்கு ஒன்றாகச் சொல்வார்களே, அந்த மந்திரம். காலை ஆறு மணிக்கு அவர் கண்ணை மூடிக்கொண்டு ஊத, அமலராணி அடுப்படியிலிருந்தே சொல்வாள். முதல் மாதம் ஒன்றுகூட முடியவில்லை. அன்றைக்கெல்லாம் வெஞ்சனத்தில் உப்பில்லை, வீட்டில் நிம்மதியில்லை என்று பேச்சு.

ஒருநாள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று வேகமாகச் சொன்னாள். மந்திரம் முழுதாக முடிந்தது. கஸ்பார் முகம் மலர்ந்து, கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். 'நேத்தைக்கு இன்னைக்குப் பரவால்ல' என்று சொன்னால் நோயாளி ரெண்டு வாய் கூடச் சாப்பிடுவான். அதே வைத்தியம்தானே என்று அவள் நினைத்தாள். மாதத்துக்கு மாதம் வேகத்தைக் கூட்டினாள். ஊதுகிறவர் காதில் சொல் விழுந்தது, வேகம் விழவில்லை. இரண்டாவது வருஷம் ஒரு மூச்சுக்கு இரண்டு மந்திரம் வந்தது. அப்போது உதடு எந்த இடத்தில் இருந்ததோ, அந்த இடத்திலேயே அதைப் பழக்கி இறுக்கினார்.

1997-ல் தேர்வுக்குப் போனார். பழைய கடிதத்தின் அதே வரி திரும்பி வந்தது.

அக்டோபர் மாதம், மாதா கோவிலில் சாயங்காலச் செபமாலை. சனம் ஆற அமர இழுத்துச் சொல்லிக்கொண்டிருந்தது. கஸ்பார் கடைசி பெஞ்சில் உதட்டைக் குவித்து மெல்ல மூச்சை விட்டுப் பார்த்தார். முதல் மந்திரமே முடியவில்லை, அதன் நடுவில் 'பாவிகள்' என்ற சொல் வருவதற்குள் மூச்சு தீர்ந்தது. இன்னொரு தரம் பார்த்தார். அதே இடம்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டார். "இம்புட்டு நாளும் எம்புட்டு வேகமாச் சொன்ன?"

"பஸ்ஸு போயிரும்ல."

"மூணு வருசமாவா போச்சு பஸ்ஸு?"

"வரலன்னா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிறீக. நான் அடுப்பப் பாக்கவா, உங்க மூஞ்சியப் பாக்கவா?"

"ஆஸ்பத்திரியிலயும் நாடிய இப்படித்தான் எண்ணுவியா?"

"அங்க எவனும் ரேடியோவுக்குப் போகல."

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அதற்குள் அவர் வாசலுக்குப் போய்விட்டார்.

சுவரில் கடிகாரம் மாட்டி ஒரு வருஷம் ஊதிப் பார்த்தார். உதடு அதுபாட்டுக்குப் பழைய இடத்துக்கே போனது. பிறகு கோவில் பாடகர் குழுவில், ஆர்மோனியச் சத்தத்துக்குள் ஒளிந்து வாசித்தார். வீட்டுச் செபத்தில் அமலராணி ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவார்.

2006-ல் நெஞ்சுவலியென்று படுத்தார். அமலராணி கட்டிலோரம் உட்கார்ந்து, கடிகாரத்தைப் பார்த்து, ஒரு நிமிஷம் முழுக்க நாடி எண்ணினாள்.

"எழுபத்தாறு. நல்லாத்தான் இருக்கு."

கஸ்பார் கையை உருவிக்கொண்டார். "வாட்ச இங்கிட்டுக் குடு" என்றார். அவள் கழற்றிக் கொடுத்தாள். அவர் தன் மணிக்கட்டில் தானே விரலை வைத்து, முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தார்.