ஸ்பானிஷ் தட்டு

தொண்ணூறுகளில், நாங்கள் அகதிகளாக வந்து குடியேறிய பார்க்டேலில், நூலகம் ஒன்றில் எனக்குப் புத்தகம் அடுக்கும் வேலை. சிறுவர் பகுதியில் ஸ்பானிஷ் புத்தகங்களுக்கென்று ஒரேயொரு தட்டு இருந்தது. எல் சல்வடோரிலிருந்து வந்த ஒரு பெண், பதினான்கு வயதிருக்கும், பள்ளி விட்டதும் அதன் முன்னால் வந்து உட்காருவாள். துப்புரவு வேலை முடித்துத் தாய் வரும்வரை தலை நிமிராது. வீட்டுக்கு மட்டும் ஒரு புத்தகமும் கொண்டுபோகமாட்டாள். நூலக அட்டை எடுக்கப் பெயரும் விலாசமும் கொடுக்க வேண்டும்; அவர்களுடைய அகதிக் கேஸ் இன்னும் முடியவில்லை. அந்தப் பயத்தை எனக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. கதவு தட்டினால் மூச்சை அடக்கிக்கொண்டு நாங்களும் இருந்திருக்கிறோம்.

ஒருநாள் பொறுப்பாளர் வாயெல்லாம் பல்லாக வந்தார்.

“ஸ்பானிஷ் புத்தகங்களை யாரும் தொடுவதில்லை. அந்தத் தட்டில் தமிழ்ப் புத்தகம் வைக்கப்போகிறோம்.”

எங்கள் சனம் எவ்வளவு காலமாகக் கேட்டது! என் மகளுக்கும் அந்தப் பெண்ணின் வயதுதான். ஆனாலும் அந்தத் தட்டின் முன்னால் இருக்கும் பிள்ளையைத்தான் திரும்பிப் பார்த்தேன்.

தொடுவதில்லையாம்! இரவல் போனவற்றோடு, மேசையில் விட்டுப்போகும் புத்தகங்களையும் நாங்கள் வாசித்ததாகக் கணக்கில் ஏற்றுவோம். இவளோ வாசித்ததை எடுத்த இடத்திலேயே செருகிவிட்டுத்தான் எழும்புவாள். தாய் அப்படி வளர்த்திருந்தாள்.

வீட்டில் சொன்னேன். கணவருக்குக் கோபம் வந்துவிட்டது.

“உமக்கென்ன விசரே? எங்கட பிள்ளையளுக்குப் புத்தகம் வரப்போகுது. பேசாம இரும்.”

“அப்ப அந்தப் பிள்ளை எங்க போய் வாசிக்கிறது?”

பேசாமல் இருக்கிற பிறவியா நான்? அடுத்த நாளே அவளிடம் விஷயத்தைச் சொல்லி, வாசித்ததை மேசையிலேயே விடச் சொன்னேன். மாலை தாய் வந்தாள். மேசையில் கிடந்த குவியலைக் கண்டதும் மகளைத் திட்டிக்கொண்டே அடுக்கத் தொடங்கினாள். மகள் ஸ்பானிஷில் காரணம் சொன்னாள். தாய் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அடுக்கியதையெல்லாம் திரும்ப எடுத்து மேசையில் வைத்தாள். பிறகு மற்ற ஸ்பானிஷ் பிள்ளைகளுக்கும் இருவருமாகச் சொல்லிவைத்தார்கள்.

கணக்கு ஏறியது; தட்டு தப்பியது. தமிழ்ப் புத்தகங்கள் ஸ்காபரோப் பக்கம் வேறொரு நூலகத்துக்குப் போய்விட்டன. எங்கள் வீட்டிலிருந்து அது பிள்ளை தனியாகப் போய்வரும் தூரமில்லை.

ஒரு மாலை தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ கேட்டாள். மகள் ஆங்கிலத்தில் சொன்னாள்: “உங்கள் மகளின் புத்தகங்கள் எந்தத் தட்டில் என்று அம்மா கேட்கிறார். போகும்போது அவற்றையும் எடுத்து மேசையில் வைத்துவிட்டுப் போவாராம்.”