ஜெயிலாகிப்போன கப்பல்

ஸ்ரீரங்கத்தில் பஸ் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்ததும் அந்தப் பெரியவர் பயணிகளை விரல்விட்டு எண்ணினார். ஜெயில் வார்டராக இருந்து ஓய்வு பெற்றவராம், பழக்கம் போகவில்லை. நான் விடுவேனா? நெப்போலியன் காலத்துப் பிரெஞ்சுப் போர்க்கப்பல் ஒன்றின் கதையை அவிழ்த்துவிட்டேன். ஆங்கிலேயர்கள் அதைப் பிடித்து, பாய்மரங்களை அகற்றி, மிதக்கும் சிறையாக்கிப் பிரெஞ்சு மாலுமிகளையே அடைத்தார்கள்.

"அதுலயே வேலை பாத்தவனும் உள்ள இருந்திருப்பானா தம்பி?"

"இருந்திருக்கலாம் சார். செம கதையில்ல?"

"நான் வேலை பாத்த ஜெயில்லதான் எம் பையன் இருக்கான். இன்னிக்குத்தான் மொத தடவையா பாக்கப் போறேன்."

ஜெயில் ஸ்டாப்பிங் வந்தது. "இறங்கலையா சார்?" என்றேன். அவர் பயணிகளை மறுபடி முதலிலிருந்து எண்ணத் தொடங்கினார். பஸ் கிளம்பிவிட்டது.

என் கதையைக் கேட்காமல் இருந்திருந்தால் இறங்கியிருப்பாரோ, இன்னும் தெரியவில்லை.