ஹூனான் கடை மீனும் திருவாதவூர்ப் பந்தியும்

கல்கத்தாவில் என் முகத்தைப் பார்த்ததும் மிளகாயைக் குறைத்துவிடுவார், சீனச் சாப்பாட்டுக் கடைக்காரர் ஒருவர். "கம் மத் கரோ", குறைக்காதீர்கள் என்று என் அரைகுறை ஹிந்துஸ்தானியில் சொல்வேன். அவருடைய ஹிந்துஸ்தானி அதற்கும் கீழே. குறை என்கிற 'கம்' மட்டும் காதில் விழும். தலையாட்டிவிட்டுப் பாதியாக்கிவிடுவார். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் அடுப்படிக்கே போய், வற்றலை ஒரு பிடி அள்ளி அவருடைய இரும்புச் சட்டியில் போட்டேன். திகைத்துப் பார்த்தவர், "ஹூனான்?" என்று கேட்டார். சண்டைக்குத் தப்பி அவர் விட்டுவந்த, மிளகாய்க்குப் பேர்போன சீமை அது. "மதுரை" என்றேன். பக்கத்துத் தாலுகாவின் பெயரைக் கேட்டவர்போலத் தலையசைத்தார்.

பருப்பில்கூடச் சர்க்கரை போடுகிற இந்த ஊருக்கு, என் கணவரின் குமாஸ்தா வேலையை நம்பி வந்தவள் நான். இரண்டு வருஷம் நாக்கு செத்துக் கிடந்தது. மதுரை என்று சொன்ன அன்று, உப்பில் ஊறிய மிளகாயைக் கொத்தி, பூண்டோடு மீன்மேல் பரப்பி, அவர் ஆவியில் வேகவைத்துத் தந்த முதல் வாயிலேயே கண்ணில் நீர் வந்துவிட்டது. அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் நானும் கணவரும் அங்கேதான். ஊரில் இருந்தவரை நான் கடைப்படி ஏறியதில்லை. சித்திரைத் திருவிழாவுக்கு மதுரைக்குப் போனால் அப்பாவும் பெரியப்பாவும் கறிச்சோற்றுக் கடைக்குள் நுழைவார்கள். பெண்கள் நாங்கள் மரத்தடியில் புளிச்சோற்று மூட்டையை அவிழ்ப்போம். அந்தக் கடைக்குள் என்ன வாசனை இருக்கும் என்று அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது.

எங்கள் ஊர்ப்பக்கத்து மனிதர் ஒருவர் கல்கத்தா வந்தபோது, கடைக்குள் நாங்கள் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டார். தம்பி கல்யாணத்துக்கு நான் எங்கள் ஊரான திருவாதவூர் போய்ச் சேருமுன் அந்த மீன் ஊர்வாயில் பாம்பாகி, தவளையும் ஆகியிருந்தது.

தாலியில் தம்பி முதல் முடிச்சுப் போட்டதும் மற்ற இரண்டையும் அக்காள் நான் போடவேண்டும். முகூர்த்தத்துக்கு முன்பு பெரியப்பா என்னைக் கூட்டத்தின் நடுவே நிறுத்தினார்.

"சீனாக்காரன் கடையில ஆம்பளைக நடுவுல உக்காந்து தின்னியாமுல்ல. அழகர்கோயில் தீர்த்தத்தை வாங்கித் தலையில ஊத்திக்க. இனிமே போகமாட்டேன்னு சபையில சொல்லு. பெறகு முடிச்சுப் போடு."

என் கணவர் முன்வரிசையில், வெற்றிலைத் தட்டும் சந்தனமுமாக உட்கார்ந்திருந்தார்.

"உங்க மருமகனுந்தான் எங்கூட உக்காந்து தின்னாரு. அவருக்குத் தீர்த்தம் இல்லையா பெரியப்பா?"

ஆம்பளை எங்கிட்டுத் தின்றால் என்ன என்றார் பெரியப்பா. கணவர் எழுந்து வந்து, ஒரு வார்த்தைதானே, சொல்லிவிடேன் என்று காதோரம் கெஞ்சினார். தம்பி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் தலை நிமிர்ந்திருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பேன்.

"சொல்ல மாட்டேன். திரும்பிப் போனதும் அங்ஙனதான் போவேன்."

முடிச்சுகளைச் சித்தப்பா மகள் போட்டாள். கெட்டிமேளத்தை நான் மாட்டுக்கொட்டத்தில் நின்று கேட்டேன். அழவில்லை.

பெண்கள் பந்தியில் என் இலையைத் தள்ளி, சுவரோரமாகப் போட்டார்கள். போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் அது என் அப்பன் வீட்டுச் சோறு. போய் உட்கார்ந்து, குழம்பைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். பந்தி பாதியில், அதுவரை வாயே திறக்காத அம்மா ஓர் இலையோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பெரியப்பா ஆள்விட்டு அவளை எழுந்து வரச் சொன்னார்.

"எனக்கு இங்ஙனயே போடுங்க" என்றாள் அம்மா.

உறவு நீடிக்கவேண்டும் என்றால் இலையைத் தன் பக்கமாக மடக்குவது எங்கள் வழக்கம். துக்க வீட்டில்தான் வெளிப்பக்கம். நான் எந்தப் பக்கமும் மடக்காமல், விரிந்தது விரிந்தபடி விட்டு எழுந்தேன். கை கழுவிவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது, என் இடத்துக்கு நகர்ந்து உட்கார்ந்து, அம்மா அந்த இலையை உள்பக்கமாக மடக்கிக்கொண்டிருந்தாள்.