ஆடாமல் நின்ற திரை

போன மாதம் என் கம்ப்யூட்டர் திரை ஆட ஆரம்பித்தது.

ஆடுவது என்றால் லேசான மினுமினுப்பு இல்லை. எழுத்துகள் எல்லாம் ஓடைத் தண்ணீருக்குள் கிடக்கும் கூழாங்கற்கள் மாதிரி நெளிந்தன. கொஞ்ச நேரம் பார்த்தாலே, போடிமெட்டு ஏறும் பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்தது போல வயிற்றைப் பிரட்டியது.

என்னுடையது பழைய பெட்டி. முதுகு புடைத்த மானிட்டர்... தட்டினால் தெருவுக்கே கேட்கும் கீபோர்டு. ஆனால் என் இத்தனை வருஷத்து டைரியும் அதற்குள்தான், ஏதோ ஒரு பழைய ஃபான்ட்டில் கிடக்கிறது. புது லேப்டாப்பில் திறந்தால் கட்டம் கட்டமாக வருகிறது. எப்படித் தூக்கிப் போடுவது?

"பழைய இரும்புக்காரன் தெருவுக்குள்ள வர்றப்பல்லாம் எனக்கு ஒரு நம்பிக்கை வருது" என்பாள் என் மனைவி விசாலம்.

நான் எதையும் வரிசையாகச் செய்கிறவன். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் – அதுதான் விதி. கேபிளைக் கழற்றி மாட்டினேன். ஆடியது. ஸ்பீக்கரை அப்புறப்படுத்தினேன். ஆடியது. ஃபேனை நிறுத்திவிட்டு வியர்வையோடு உட்கார்ந்து பார்த்தேன். அப்போதும் ஆடியது. அலுத்துப்போய் எலெக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டேன். "எர்த்து சரியில்ல சார். குழியில உப்புத் தண்ணி ஊத்துங்க" என்றார். வாசல் ஓரத்து எர்த் குழியில் ஒரு வாளி ஊற்றினேன்.

போன மாதம் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த முத்துலட்சுமி அக்கா எட்டிப் பார்த்தார். "என்ன தம்பி, கம்ப்யூட்டருக்கா தண்ணி ஊத்துறீக? வெரசா மொளைச்சிரும்!"

முளைக்கவில்லை. ஆடியது.

கடைசியில் காட்டிக்கொடுத்தது என் காதுதான். ஒரு காலையில் திரை கல் மாதிரி நின்றிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் 'டக்' என்று ஒரு சத்தம், பின்னாலேயே ஒரு உறுமல்... திரை நெளிய ஆரம்பித்தது.

பக்கத்து வீட்டுக்குப் போனேன். "சுவத்தோரம் மோட்டார் ஏதும் ஓடுதா அண்ணே? என் திரை ஆடுது" என்று கேட்டுக்கொண்டே நுழைந்தவன், அப்படியே நின்றேன்.

அக்காவின் கணவர் செல்லையா அண்ணன், மூக்கில் குழாயோடு கட்டிலில் இருந்தார். ஏலக்காய்த் தோட்டத்தில் கங்காணியாக இருந்தவர். நுரையீரல் கெட்டுப்போய் மலையை விட்டு இறங்கியவர். கட்டிலருகே ஆக்சிஜன் மெஷின். அதற்குப் பக்கத்தில், என் சுவரை ஒட்டி, ஓர் ஆட்டுக்குட்டி உயரத்துக்கு ஸ்டெபிலைசர். அதன் காந்தம்தான் சுவரைத் தாண்டி என் திரையை ஆட்டியிருக்கிறது. தோட்டத்து வோல்டேஜுக்காக வாங்கியதாம். ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார். அந்த அறையில் பிளக் பாயிண்ட் இருப்பதும் அந்தச் சுவரில் மட்டும்தான்.

"இதுதேன் தம்பி ஓடுது. நீங்க சோலி பாக்குறப்ப நிறுத்திக்கிறேன். சாரமில்ல." 'பரவாயில்லை' என்பதற்கு மலையில் ஒட்டிக்கொண்ட மலையாளம்.

"ஐயோ, அதெல்லாம் வேண்டாம்ணே. என் கேபிள்லதான் கோளாறு. நான் பாத்துக்கிறேன்."

பொய்தான். வேறு என்ன சொல்ல?

மறுநாள் காலை, பத்திரிகைக்கு வாரா வாரம் எழுதும் இந்தப் பத்தியை எழுத உட்கார்ந்தேன். இரண்டு வரி அடிப்பதற்குள் திரை நின்றுவிட்டது. ஓர் அசைவு இல்லை. அப்பாடா! கிடைத்தது சான்ஸ் என்று ஒரு பாராவை மளமளவென்று அடித்து முடித்துவிட்டு விசாலத்தைக் கூப்பிட்டேன்.

"பாத்தியா? உப்புத் தண்ணி வேலை செஞ்சிருச்சு!"

அவள் திரையைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தாள். "அங்கிட்டு மெஷின் சத்தத்தையே காணோமே..."

செருப்புகூடப் போடாமல் ஓடினேன்.

அக்கா கடைக்குப் போயிருந்தார். அண்ணன் முட்டியில் இரண்டு கைகளையும் ஊன்றி, மூச்சை எட்டி எட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார். உதடு கறுத்திருந்தது. ஸ்விட்சைப் போட்டேன். 'டக்'. உறுமல். குழாயை மூக்கில் வைத்தேன். பேச்சு வர வெகுநேரமானது.

"எழுதி... முடிச்சாச்சா?"

"ஏண்ணே நிறுத்துனீங்க?"

"டைப் அடிக்கிற சத்தம் கேட்டுச்சு... சோலி நடக்குதுன்னு நிறுத்துனேன்."

அவர் வீட்டிலிருந்து என் பக்கம் என்ன வருகிறது என்று ஒரு மாதமாக ஆராய்ந்தவன் நான். என் வீட்டிலிருந்து அவர் பக்கம் என்ன போகிறது என்று ஒரு நிமிஷம் யோசித்திருப்பேனா? கோளாறு தேடுகிறபோது நாம் எல்லோருமே சுவரின் ஒரு பக்கத்தில்தான் நிற்கிறோம்.

பையோடு வந்த அக்காவுக்கு விஷயம் புரிந்ததும் அண்ணனைப் பிடித்துக்கொண்டார். "அவரு எழுதாட்டி யாரு குடி முழுகிப்போகுது? மொதல்ல மூச்ச விடுங்க!"

"யார் குடியும் முழுகாதுக்கா" என்றேன். சத்தியமான வார்த்தை.

இப்போது கீபோர்டுக்கு அடியில் துண்டை மடித்துப் போட்டு, பூனை நடப்பது போல அடிக்கிறேன். "மேஜையை எதிர்ச் சுவருக்கு மாத்துங்க, எல்லாம் சரியாயிரும்" என்கிறாள் விசாலம். மாற்றலாம்தான். ஆனால் அங்கே போய்விட்டால், இங்கே அந்த மெஷின் ஓடுகிறதா, நின்றுவிட்டதா என்று எனக்கு எப்படித் தெரியும்?

எழுத்துப்பிழை இருந்தால் இந்த வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள். திரை ஆடிக்கொண்டிருக்கிறது.

ஆடட்டும்.