பாயாசம் வைக்காத காதுகுத்து

அன்றைக்கு அந்த வீட்டில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். நான், என் மனைவி, கள்ளக்குறிச்சி அரிசி மில்லில் என்னோடு மூட்டை தூக்கும் மலைக்கார நண்பன், அவன் மனைவி, காது குத்திக்கொள்ள வேண்டிய அவர்கள் மகள், அவளை மடியில் உட்கார வைக்க வேண்டிய தாய்மாமன். அவ்வளவுதான். சொந்தக்காரர்கள் யாரும் வரவில்லை. விடிந்ததிலிருந்தே கல்வராயன் மலையில் மழை பிடித்துக்கொண்டது.

என் மனைவிக்கு வயது இருபத்து மூன்று. பத்தாவது படிக்கும்போதே சர்க்கரை நோய் வந்துவிட்டது. மாத்திரைக்கு அடங்குகிற வகை இல்லை. ஒவ்வொரு வேளையும் சாப்பிடும் முன்பு ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். பேனா மாதிரி இருக்கும் அந்த ஊசியை அவள் பொட்டு வைத்துக்கொள்வது போலப் போட்டுக்கொள்வாள். பக்கத்தில் நின்று வியர்ப்பவன் நான்தான். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் என்றாலும், ஆஸ்பத்திரியில் நர்சம்மா சொன்னதை எல்லாம் மனப்பாடமாக வைத்திருக்கிறேன். எங்கே கிளம்பினாலும் ஒரு பை கட்டுவேன். குளுக்கோஸ், பிஸ்கெட், வாழைப்பழம், சர்க்கரை பார்க்கும் மிஷின், அந்த மிஷின் கெட்டுப்போனால் என்ன செய்வது என்று இன்னொரு மிஷின். "வூட்டையே காலி பண்ணிக்கினு போறோமா?" என்று கேட்பாள்.

அன்றும் கட்டினேன். பந்தல் நாற்காலி, பாத்திரங்களோடு நாங்களும் ஒரு குட்டியானை வண்டியில் ஏறி, கச்சிராயபாளையம் தாண்டி மலையில் இருக்கும் நண்பன் வீட்டுக்குப் போனோம். சாமான்களை இறக்கியதும், அடிவாரத்தில் காத்திருந்த பத்தரைக் கூட்டிவர டிரைவர் மறுபடி கீழே போனார். காது குத்த வேண்டியவர் அந்தப் பத்தர்தான். வண்டி வளைவில் திரும்பி மறைந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. என் பை டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இருக்கிறது. பர்ஸும் அதற்குள். போன் போடலாம் என்றால், கரண்ட் போனபோதே டவரும் போய்விட்டது.

நான் வாசலுக்கும் உள்ளுக்கும் நடப்பதைப் பார்த்து, "ஊசி எங்கிட்ட இருக்குது, சோறு அவங்க வூட்ல இருக்குது. அப்பறம் இன்னா?" என்றாள்.

மதியம் ஆயிற்று. ஈர விறகோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நண்பனின் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, இதோ இலை போட்டாச்சு, உட்காருங்க என்றார். எங்கள் பக்கத்தில் இது ஒரு உபசார வார்த்தை. உலையில் அரிசி போடும்போதே சொல்வார்கள், விருந்தாளியைப் பசியோடு உட்கார வைத்திருக்கிறோமே என்ற கூச்சத்தில். எனக்கும் தெரியும், என் மனைவிக்கும் தெரியும். ஆனால் அன்று நிஜமாகவே கூடத்தில் இலையைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். சாம்பார் வாசனையும் வந்தது. அவள் உள்ளே போய் ஊசியைப் போட்டுக்கொண்டு வந்தாள்.

அப்போதுதான் தாய்மாமன் சொன்னார், காது குத்தாமல் பந்தி கிடையாது, பத்தர் வந்துவிடட்டும் என்று. அந்த வீட்டில் அந்த முறை கறார். கம்மல் ஏறாமல் யாரும் கை நனைக்க மாட்டார்கள். இலைகளை எடுத்து ஓரமாக அடுக்கிவிட்டார்கள்.

நான் வாயைத் திறக்கப் போனேன். அவள் கண்ணாலேயே அடக்கினாள். முதல்முறை வந்த வீட்டில் தானாகச் சோறு கேட்பதா என்ற வெட்கம் அவளுக்கு. பத்தர் இப்போது வந்துவிடுவார் என்று நினைத்தாள். வழியில் மரம் விழுந்து வண்டி நின்றுவிட்டது எங்களுக்கு எப்படித் தெரியும்?

அவள் அந்தக் குழந்தைக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். நான் அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னல் இரண்டு தடவை நழுவியது. பிறகு மேலுதட்டில் வியர்வை, அந்தக் குளிரில். என்னம்மா செய்யுது என்றேன். என்னைத் தன் அண்ணன் என்று நினைத்துக்கொண்டு ஏதோ பதில் சொன்னாள்.

அதற்கு மேல் வெட்கமாவது ஒன்றாவது. சர்க்கரை இறங்குகிறது, இனிப்பாக ஏதாவது கொடுங்கள் என்று கேட்டேன்.

நண்பனின் மனைவி என்னை ஒரு மாதிரி பார்த்தார். "சக்கர இருக்கிற பொண்ணுக்கே சக்கர குடுக்கச் சொல்றியாண்ணே? உம் பொண்டாட்டி பாத்துக்கினு உக்காந்திருக்கும், நாங்க மட்டும் துன்றதான்னு பாயாசமே வெக்கல."

அது மட்டுமில்லை. பாயாசத்துக்கு வாங்கிய வெல்லத்தை முந்தின நாளே கடைக்குத் திருப்பிவிட்டார்களாம். வீட்டில் சர்க்கரையே வைத்துக்கொள்ளவில்லை. காலையில் அத்தனை பேரும் குடித்தது வெறும் கடுங்காப்பி. இருந்த தேனும் வியாபாரிக்குப் போய்விட்டது. இத்தனை பிரியத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?

எனக்குத் தெரிந்த மாதிரி சொன்னேன். "ஊசி உள்ள போயிடுச்சி, சோறு போகல. அது சும்மா இருக்காதுக்கா. ரத்தத்துல இருக்கிற சக்கரய வழிச்சித் துன்னுடும்."

அவருக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. ஓடிப்போய்த் தட்டில் சோறு போட்டுப் பிசைந்தார். தாய்மாமன் ஏதோ சொல்ல வர, "சாமிக்கு நான் பதில் சொல்லிக்கறேன், நீ கம்முனு இருண்ணா" என்றார். ஆனால் சோறு ரத்தத்தில் சேர நேரம் பிடிக்கும். இவளோ மென்றுவிட்டு விழுங்க மறந்து உட்கார்ந்திருந்தாள். மயக்கம் போட்டுவிட்டால் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும் என்று நர்சம்மா சொன்னது காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. செய்வதை எல்லாம் அதற்கு முன்னால் செய்ய வேண்டும்.

கடை கீழ் வளைவில் இருந்தது. செம்மண் சேற்றில் ஓடினேன், விழுந்தேன், மறுபடி ஓடினேன். அவள் தலை சாய்ந்துவிட்டால், அவள் தலை சாய்ந்துவிட்டால் என்று வாய் அதையே சொல்லிக்கொண்டிருந்தது. கடைக்காரர் சாரலுக்காகப் பாதிக் கதவை இழுத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். காதுகுத்து வீட்டுக்கு வெல்லம் வேண்டும் என்றதும், நேற்றுதானே வேண்டாமென்று கொடுத்துவிட்டுப் போனார்கள் என்று முணுமுணுத்துக்கொண்டே அதே பொட்டலத்தை எடுத்தார். பர்ஸ் இல்லை என்று சட்டைப் பையைத் தட்டிக் காட்டினேன். என் முகத்தைப் பார்த்தவர், "மொதல்ல ஓடு" என்றார்.

திரும்பி வந்தபோது அவள் நண்பனின் மனைவி தோளில் சாய்ந்திருந்தாள். கண் பாதி மூடியிருந்தது. தூங்கவிடாமல் அவர் எதையோ கேட்டுக்கொண்டே இருந்தார், உன் அம்மா வூடு எது, ரவிக்கை எங்கே தைத்தாய் என்று. நண்பன் வெல்லத்தை அம்மிக் குழவியால் உடைத்து வெந்நீரில் கரைத்தான். முதல் வாய் கடைவாயில் வழிந்துவிட்டது. அடுத்த வாயை விழுங்கினாள். அதற்கடுத்து டம்ளரைத் தானே பிடித்துக்கொண்டாள். எனக்கு மூச்சு வந்தது.

கொஞ்சம் பொறுத்து அவள் பார்வை தெளிந்தது. முழங்கால் வரை சேறாக நின்ற என்னை மேலிருந்து கீழ் வரை பார்த்தாள்.

"இன்னாங்க, நாத்து நடப் போனீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் அழுததை யாரும் பார்க்காதது மாதிரி இருந்துகொண்டார்கள்.

சாயங்காலம் பத்தரும் டிரைவரும் விழுந்த மரத்தைத் தாண்டி நடந்தே வந்து சேர்ந்தார்கள். டிரைவர் தலையில் என் பை, யூரியாச் சாக்குக்குள் நனையாமல். உள்ளே இருந்த மிஷினில் இவள் விரலைக் குத்திப் பார்த்தோம், இறங்கியது ஏறியிருந்தது. தாய்மாமன் மடியில் குழந்தை மலையே கேட்கும்படி அழுதது. மிச்ச வெல்லத்தில் நண்பனின் மனைவி பாயாசம் வைத்துவிட்டார். கரண்டியோடு என் மனைவியின் இலைக்கு முன்னால் வந்து நின்றார்.

"எவ்ளோ ஊத்தட்டும்? நீயே சொல்லு பாப்பா."

"அரைக் கரண்டி போதுங்கக்கா. அதுக்குத் தக்க ஊசி போட்டுக்கறேன். இலைல சோறு விழட்டும், அப்பறம் போட்டுக்கறேன்" என்றாள்.

மறுநாள் மரத்தை அறுத்துப் பாதையைத் திறந்த பிறகு இறங்கினோம். கடை பூட்டியிருந்தது. பிறகு நண்பனிடம் கொடுத்தனுப்பினேன். பணத்தை அப்படியே திருப்பிக் கொண்டுவந்துவிட்டான். அந்தப் பெண் நல்லபடியாக இருக்கிறதா என்று தன் கண்ணால் பார்த்த பிறகுதான் வாங்குவேன் என்று கடைக்காரர் சொல்லிவிட்டாராம். மழை விடட்டும், போகலாம் என்கிறாள் இவள். ஒரு கிலோ வெல்லம், எழுபது ரூபாய் பாக்கி.