டேங்க் நிறையப் பெட்ரோல்

மோட்டார் வாகனச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவு தெளிவாகத்தான் இருக்கிறது. உரிமம் இல்லாத ஒருவர் வண்டியை ஓட்ட அதன் உரிமையாளர் இடம் கொடுக்கக் கூடாது. மீறினால் வண்டியைக் கொடுத்தவருக்கும் தண்டனை உண்டு. அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். யாருக்காவது வண்டி தரமாட்டேன் என்று சொல்ல வேண்டி வந்தால், முதலில் இந்தப் பிரிவைத்தான் எடுத்துப் போடுவேன்.

சட்டத்தின் குறை என்னவென்றால், உரிமம் வைத்திருப்பவன் வண்டியை வாங்கிக்கொண்டு போய்த் திரும்பி வராமல் இருந்தால் என்ன செய்வது என்று அதில் எங்கும் இல்லை. என் தம்பியிடம் உரிமம் இருந்தது. படத்தில் இருந்த மீசையை எடுத்துவிட்டான் என்பதைத் தவிர எந்தக் குறையும் இல்லாத உரிமம்.

இரவல் வண்டிக்குப் பெட்ரோல் போடுவதில் எங்கள் பக்கம் எழுதாத நடைமுறை ஒன்று இருக்கிறது. சிநேகிதன் என்றால் போட்டுக் கொடுக்க வேண்டும். தெரிந்தவர் என்றால் கொஞ்சம் கூடவே போட வேண்டும். கூடப் பிறந்தவன் போடக் கூடாது. போட்டால் அவமரியாதை. தம்பி இந்த ஒரு நடைமுறையை மட்டும் வாழ்நாள் முழுவதும் தவறாமல் கடைப்பிடித்தான். தொழிற்பேட்டையில் பீங்கான் ஃபியூஸ் கட்டை செய்யும் சிறு சூளை ஒன்றில் அவனுக்குப் பங்கு இருந்தது. வாரத்தில் நாலு நாள் என் வண்டிதான். டயரில் வெள்ளைக் களிமண்ணும் டேங்கில் வெறும் காற்றுமாகத்தான் திருப்பி விடுவான். கேட்டால், "நான் என்ன மூணாவது ஆளா, பெட்ரோல் போட்டுக் குடுக்க?" என்பான்.

அவன் மகள் எட்டாம் வகுப்பில் இருந்தபோது ஒரு காலையில், "ஜங்ஷன் வரைக்கும் போயிட்டு வரேன்" என்று சாவியை எடுத்தான். மேசையில் செல்போன் இருந்தது. மறந்துவிட்டான் என்று நினைத்தோம். மூன்றாம் நாள் வண்டி மட்டும் கிடைத்தது. ரயில் நிலைய வண்டி ஸ்டாண்டில், ஒழுங்காகப் பூட்டி, ஹெல்மெட்டைக் கண்ணாடியில் மாட்டி நிறுத்தியிருந்தான். போலீஸார் எழுதிக்கொண்டு போன பிறகு ஸ்டாண்டுக்காரர் கேட்டார்: "எடுத்துட்டுப் போறீங்களா சார்?"

மாற்றுச் சாவி போட்டு எடுத்தேன். வண்டி கனமாக இருந்தது. மூடியைத் திறந்தால், டேங்கின் கழுத்து வரைக்கும் பெட்ரோல்.

விசாரணையில் கடன் இல்லை, சண்டை இல்லை, நோய் இல்லை, வேறு தொடர்பு எதுவும் இல்லை என்று தெரிந்தது. இத்தனை 'இல்லை'களைக் கொண்ட அறிக்கையை என் பணிக்காலத்தில் நான் பார்த்ததில்லை. யாரோ கடத்தியிருப்பார்கள், எங்கோ ஞாபகம் தப்பி அலைகிறார் என்று தம்பி மனைவி சொன்னாள். நானும் தலையாட்டினேன். பெட்ரோலைப் பற்றி அவளிடம் சொல்லவில்லை. கடத்தப்பட இருப்பவன் அண்ணன் வண்டிக்கு டேங்க் நிரப்பிவிட்டுப் போகமாட்டான். அவன் அன்றைக்கு மூணாவது ஆளாகிவிட்டுத்தான் ரயில் ஏறியிருக்கிறான்.

அந்தப் பெட்ரோலை நான் ஓட்டித் தீர்க்கவில்லை. வண்டியைத் தார்ப்பாய் போட்டு மூடி வைத்தேன். பல மாதம் கழித்து எடுத்தபோது ஸ்டார்ட் ஆகவில்லை. "பெட்ரோல் கெட்டுப்போச்சு சார்" என்று மெக்கானிக் டப்பாவில் வடித்து, யாருடைய வண்டிச் செயினையோ அதில் கழுவினான். தம்பி எனக்குக் கடைசியாக விட்டுப்போன பொருளின் கதி அது. அதற்குப் பிறகு நான் டேங்க் நிரப்பியதே இல்லை. போய்வரும் அளவுக்குத்தான் போடுவேன். பங்க்கில் என்னைக் கஞ்சன் என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும்.

வண்டியை யாருக்கும் கொடுக்கவும் இல்லை. கம்மாபுரத்திலிருந்து மாமன் மகன் ஒருமுறை வந்தான். சுரங்கத்துக்கு நிலம் எடுப்பது பற்றிய கூட்டமாம், பஸ்ஸை விட்டுவிட்டானாம்.

"இன்சூரன்ஸ் இல்ல" என்றேன்.

"போன மாசம்தான் புதுப்பிச்சேன்னு சொன்ன?"

"அது நான் ஓட்டினா."

"அப்ப உன் வண்டிய நீயே கட்டிக்கிட்டு அழுவு" என்று வெயிலில் நடந்துபோனான். இன்சூரன்ஸ் வண்டிக்குத்தான், ஓட்டுபவருக்கு அல்ல என்பது அவனுக்கும் தெரியும். அதற்குப் பிறகு அவன் வீட்டு விசேஷங்களுக்குப் பத்திரிகை தபாலில் வந்தது.

ஏழு வருடம் முடிந்ததும் தம்பி மனைவியே ஒருநாள் சாப்பாடு போட்டுக்கொண்டே சொன்னாள். என் மனைவி காலமான பிறகு எனக்கு அவர்கள் வீட்டில்தான் சாப்பாடு. ஒரே வீட்டில் முன்கட்டு நான், பின்கட்டு அவர்கள்.

"எதாவது எழுதி அனுப்புங்க மாமா. இருக்காருன்னா இருக்காருன்னு சொல்லட்டும். இல்லன்னா இல்லன்னு சொல்லட்டும். நான் பாதிப் பொட்டு வெச்சிக்கிட்டு எத்தினி நாளு நிக்கிறது?"

ஏழு ஆண்டுகள் ஒருவரைப் பற்றி எந்தத் தகவலும் இல்லையென்றால், அவர் உயிரோடிருப்பதாகச் சொல்பவர்தான் நிரூபிக்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் நீதிமன்றம் போக, தேடியும் கிடைக்கவில்லை என்று காவல் துறை எழுதித் தர வேண்டும். எழுதிக் கேட்டேன். நினைவூட்டினேன். மேலிடத்துக்கு நகல் போட்டேன். நான் நாற்காலியில் இருந்த காலத்தில் எத்தனை பேருடைய நினைவூட்டல்களை 'கோப்பில் சேர்க்கவும்' என்று எழுதித் தள்ளியிருப்பேன். இப்போது என்னுடையவை எங்கோ அப்படிச் சேர்ந்துகொண்டிருந்தன.

இந்த வருடம் ஆனி மாதத்தில் தம்பி மகளுக்கு விழுப்புரத்தில் ஒரு தனியார் கல்லூரி ஆய்வகத்தில் வேலை கிடைத்தது. விடிகாலை ரயில். அந்த நேரத்துக்கு எங்கள் தெருவில் ஷேர் ஆட்டோ வராது.

"பெரியப்பா, வண்டியக் குடுங்க. ஸ்டாண்டுல வுட்டுட்டு ட்ரெய்ன் புடிச்சிடுவேன்."

"நான் கொண்டுவந்து விடறேன்."

"எதிர்ல லைட்டு வந்தா நீங்க வண்டிய ஓரங்கட்டி நிறுத்திடுறீங்க. ட்ரெய்னு உங்களுக்காக நிக்குமா?"

கண் அறுவைக்குப் பிறகு அது உண்மைதான். பேச்சை மாற்ற உரிமத்தைக் கேட்டேன். எடுத்து நீட்டினாள். கியர் இல்லாத வண்டிக்கு மட்டும்தான் அனுமதி என்று இருந்தது. நல்ல மனுக்களில் குறை கண்டுபிடித்தபோது வந்த அதே பழைய நிம்மதி வந்தது. "ஐந்தாம் பிரிவு" என்று ஆரம்பித்தேன்.

"சரி, கியர் வண்டிக்கும் எழுதி வாங்கிக்கிறேன். அதுவரைக்கும் ஹாஸ்டல்ல இருந்துக்கிறேன். இல்லன்னா அங்கியே இருந்துடுறேன். அதுக்கு எந்தப் பிரிவும் இல்லியே?"

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. தம்பி மனைவி வெளியே வரவில்லை. வாசல்படிக்கு அந்தப் பக்கம் நின்று என் பதிலுக்குக் காத்திருந்தாள் என்று தெரிந்தது. ஹாஸ்டலுக்குப் போனால் அதுவும் இந்த வீட்டை விட்டுப் போவதுதான். வண்டியைக் கொடுத்தால் அதே வண்டி, அதே ஸ்டாண்டு, அதே நடைமேடை. கொடுப்பதா வேண்டாமா என்று நான் யோசித்ததெல்லாம் வண்டியைப் பற்றியே அல்ல.

"ஹாஸ்டல் வேணாம். முதல்ல லைசென்ஸ வாங்கு" என்றேன்.

ஒரு குறையும் சொல்ல முடியாமல் வாங்கிவந்துவிட்டாள். வேலைக்குச் சேர்ந்த நாளில் சாவியைக் கொடுத்தேன். போகும்போது வாசலில் திரும்பி, "போயிட்டு வரேன் பெரியப்பா" என்றாள். வண்டிச் சத்தம் தெருமுனையில் திரும்பி, ரயில்வே கேட் பக்கம் தேய்ந்து, இல்லாமல் போகும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன். சாயங்காலம் அதே சத்தம் திரும்பி வரும்வரை நான் எந்த வேலையும் செய்யவில்லை. தினமும் அப்படித்தான். பெட்ரோல் நானே வாங்கி ஊற்றி வைத்தேன், அளவாக. அவள் போடவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை. நடைமுறை ஒழுங்காக இருந்தது.

ஒரு நாள் பிற்பகல் கடைவீதியில் பீங்கான் சாமான் விற்கும் பாய் கடையில் உட்கார்ந்திருந்தேன். துபாயில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு வந்தவர், என் பால்ய சிநேகிதர்.

"சாரு வூட்டுப் பொண்ணு ரொம்ப வெவரம்தான்" என்றார். "காலைல தொழுதுட்டு வரேன், பங்க்ல நிக்குது. டேங்க் ஃபுல் பண்ணுங்கண்ணாங்குது. நீங்க எந்தக் காலத்துல ஃபுல் பண்ணீங்க? சொட்டு சொட்டா ஊத்துற ஆளு."

நான் டீக் கப்பைக் கீழே வைத்தேன்.

"என்ன சாரு? பெட்ரோல் போட்டதுக்கா மொகம் இப்பிடி ஆவுது?"

செல்போனில் அவளை அழைத்தேன். அணைத்து வைக்கப்பட்டிருப்பதாக ஒரு பெண் குரல் சொன்னது. அந்தக் குரலை எனக்குத் தெரியும். தம்பியின் போனில் சார்ஜ் தீர்ந்த பிறகும், அது எங்கள் வீட்டு மேசையிலேயே கிடக்கிறது என்று தெரிந்தும், அவன் எண்ணுக்கு அழைத்து அழைத்து இதே குரலைத்தான் கேட்டேன்.

ஆட்டோ பிடித்து ஜங்ஷன் போனேன். வண்டி ஸ்டாண்டில் நின்றது. ஒழுங்காகப் பூட்டி, ஹெல்மெட்டைக் கண்ணாடியில் மாட்டி. யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. மாற்றுச் சாவியால் மூடியைத் திறந்தேன். பெட்ரோல் கழுத்து வரைக்கும் நின்றது. அதன்மேல் தகரக் கூரையின் ஓட்டை ஒன்று வெளிச்சமாகக் கிடந்து ஆடியது.

ஸ்டாண்டுக்காரருக்கு இப்போது முழுக்க நரைத்துவிட்டது. "எடுத்துட்டுப் போறீங்களா சார்?" என்றார்.

அந்த முறை நான் எடுத்துக்கொண்டு போனேன். ஒருவேளை அவன் நாலாம் நாள் மனம் மாறி வந்து, இந்த வரிசையில் வண்டியைத் தேடிப் பார்த்து, சரி, கணக்கை முடித்துவிட்டார்கள் என்று திரும்பிப் போயிருந்தால்? போலீஸ் கேட்காத கேள்வி அது. என்னை விட்டு ஒரு நாளும் போகாத கேள்வி.

"இல்ல. ஆளு வரும்" என்றேன்.

அவள் வழக்கமாக வரும் ரயில் வந்தது. இறங்கியவர்கள் வண்டிகளை இழுத்துக்கொண்டு போனார்கள். அவள் இல்லை. வரிசையில் என் வண்டியும் இன்னும் சிலவும் மிஞ்சின. ஹெல்மெட்டைக் கையில் எடுத்தேன். அவள் மாட்டிவிட்டுப் போனபடியே இருக்க வேண்டும் என்று தோன்றி, மறுபடி கண்ணாடியில் மாட்டினேன். ஸ்டாண்டுக்காரர் ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார். அவருக்கு ஞாபகம் இருந்திருக்கிறது.

அடுத்த ரயில் வந்தபோது வெளிச்சம் மங்கியிருந்தது. கையில் ஒரு ஸ்வீட் பெட்டியும் துணிக்கடைப் பையுமாக வந்தாள்.

"என்ன பெரியப்பா, இங்க வந்து ஒக்காந்திருக்கீங்க? அம்மாவுக்கு ஒடம்பு கிடம்பு...?"

"போன் என்னாச்சு?"

"சார்ஜ் போயிடுச்சு. மொத சம்பளம் வந்துச்சா, கடைக்குப் போனேன், ட்ரெய்ன வுட்டுட்டேன்."

"பெட்ரோல் எதுக்குப் போட்ட?"

"அதான் சொல்றேனே, சம்பளம் வந்துச்சு. எத்தினி நாளைக்கு நீங்களே ஊத்துவீங்க?"

"நீ என்ன மூணாவது ஆளா?"

ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தியிருக்கிறேன். அவள் முகத்தில் கோபம் வரவில்லை. என் கையை, அதிலிருந்த மாற்றுச் சாவியை, டேங்கைப் பார்த்தாள்.

"அப்பா சொல்றது" என்றாள் மெதுவாக.

பிறகு அவளே கேட்டாள். "அன்னிக்கு அப்பா ஃபுல் பண்ணிட்டாரா?"

தலையாட்டினேன். வீட்டில் ஒருவருக்குமே சொல்லாத விஷயம் அத்தனை சுலபமாக வெளியே போயிற்று. அவள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வண்டியை வெளியே எடுத்தாள்.

"ஏறுங்க. ஒரு வாரத்துல ஓட்டியே தீத்துடுறேன். அதுக்கப்புறம் நீங்களே ஊத்துங்க, சொட்டு சொட்டா."

வீட்டு வாசலில் தம்பி மனைவி ஒரு பழுப்பு உறையோடு நின்றிருந்தாள். பதிவுத் தபால், கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறாள், பிரிக்கவில்லை. தெருவிளக்கடியில் நின்று படித்தேன். தீவிரமாகத் தேடியும் மேற்படி நபரைக் கண்டுபிடிக்க இயலவில்லை என்று ஒரே ஒரு வாக்கியம்.

"என்ன போட்டிருக்குது மாமா?"

"கிடைக்கலன்னு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அவள் நெற்றிப் பொட்டைத் தொட்டாள். அழித்தாளா, சரிசெய்தாளா என்று அந்த வெளிச்சத்தில் எனக்குத் தெரியவில்லை. பிறகு மகள் வண்டியை உள்ளே ஏற்றுவதற்குப் பின்னால் பிடித்துத் தள்ளப் போனாள்.

கடிதத்தில் போட்டிருந்த தேதி பழையது. அலுவலகத்தில் அது கணக்கில்லை. வந்து சேர்ந்த நாளை உறையின் மேல் எழுத வேண்டும் என்பதுதான் விதி. பேனாவை எடுத்து எழுதினேன்: பெற்றது, செப்டம்பர் மூன்று.